பெயர்ப் பலகையில் இல்லாத வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று தொடர்மாடிகள் எழும்புகின்றன. ஒவ்வொரு தகர வேலியிலும் ஆளுயரப் பலகை. உரிமையாளர், கட்டடக் கலைஞர், பொறியியலாளர் எல்லோருடைய பெயரும் உண்டு. சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் இல்லை.

என் அக்காவின் மகன் ஹட்டனிலிருந்து கம்பி கட்டும் வேலைக்கு வந்தவன். எட்டு மாதங்களுக்கு முன், இங்கே ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இன்றும் தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்கி, வலது கையை அடியில் முட்டுக் கொடுத்துத்தான் குடிக்கிறான். இனிக் குறடு பிடிப்பது எங்கே? அவனைக் கூட்டிவந்த பாஸ் 25,000 ரூபாவைக் கையில் வைத்து, "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று சிங்களத்தில் எழுதிய தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டார். அவனுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கம்பனியோ, "அவன் சப் கொந்தராத்துக்காரரின் ஆள்" என்று கைகழுவிவிட்டது.

சட்டப்படி இரண்டுமே செல்லாது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், துணை ஒப்பந்தகாரரின் ஆளுக்கும் முதன்மை ஒப்பந்தகாரர் பொறுப்பாளியே. உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கிய தாளால் அந்தப் பொறுப்பு நீங்காது. 550,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20 இலட்சமாகிவிட்டது.

உயர்ந்து என்ன? சம்பளத்தையும் இழந்த உழைப்புத் திறனையும் பார்த்தே தொகை கணக்கிடப்படுகிறது. இவனுக்குச் சம்பளச் சிட்டை இல்லை, சேமலாப நிதி இல்லை. ஒரு நாள் வேலை என்பது பாஸின் கொப்பியில் ஒரு கோடு. கொப்பியோ பாஸின் சட்டைப்பையில்.

தீபாவளி முற்பணத்துக்காகச் சண்டை வந்தபோது, அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தை இவன் தற்செயலாகக் கைபேசியில் படம் பிடித்திருந்தான். நட்டஈட்டு ஆணையாளருக்கு எழுதிய மனுவோடு நாங்கள் இணைத்திருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தொழில் திணைக்களம் இரண்டு காரியம் செய்யலாம். விபத்துக்குப் பொறுப்பான முதன்மை ஒப்பந்தகாரர் யார் என்பதை அந்தப் பலகையிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதவைக்கட்டும். வரவுக் கொப்பியின் பிரதியை வாராவாரம் தொழிலாளியின் கையில் கொடுக்கவைக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.