ஒப்பிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள்: பொறியியல் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆடி கழிந்ததும் வளாக நேர்காணலுக்காக மாவட்டம் மாவட்டமாகக் கிளம்பும் குழுவில் நானும் ஒருவன். தொழில்நுட்பச் சுற்றில் கேள்வி கேட்பவன். மனிதவளத் துறைக்காரன் அல்ல. உங்கள் உபசரிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொன்னாடை போர்த்துகிறீர்கள், பகல் சாப்பாட்டில் இரண்டு பாயசம் வைக்கிறீர்கள், கிளம்பும்போது கையில் ஒரு நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்புகிறீர்கள். என் மனக்குறையெல்லாம், எங்கள் அறைக்குள் அனுப்பும் முன் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சியைப் பற்றியது.

உள்ளே வருகிற மாணவர் உட்கார்ந்ததும் ஒப்பிக்கத் தொடங்குகிறார். பெயர், ஊர், அப்பா, அம்மா, பொழுதுபோக்கு. பலம் எது என்றால் கடின உழைப்பு. பலவீனம் எது என்றால் எல்லோரையும் சட்டென்று நம்பிவிடுவது. ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருப்பீர்கள் என்றால், உங்கள் நிறுவனத்தில் பொறுப்பான பதவியில். அடுத்து வரும் மாணவிக்கும் அதே பலம், அதே பலவீனம், அதே பதவி. ஒரு கல்லூரியின் இறுதியாண்டு முழுக்க ஏமாளிகளாக இருக்க வாய்ப்பே இல்லை. செமினார் ஹாலில் இருநூறு பேரை உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் மூன்று நாளில் ஊற்றிவிட்டுப் போனது அது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்தப் பதில்களைக் கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்கு எவ்வளவு அயர்ச்சி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த ஒப்புவித்தல் அந்தப் பிள்ளைகளிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் சிவில் படித்த மாணவர் ஒருவர் வந்தார். சிறு வயது முதலே கணினி மீது தணியாத ஆர்வம் என்று தொடங்கினார். அதை ஓரமாக வைத்துவிட்டு, எம்20 கான்கிரீட் என்றால் என்ன என்று கேட்டேன். சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. 28 நாள் கழித்துச் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பதில் சரி. தண்ணீர் கூடிப்போனால் என்ன ஆகும் என்றேன். ஒரு கணம் நிறுத்தினார். பிறகு பேச்சே மாறிவிட்டது. "கொட்டுகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும் சார், வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் இன்னும் ஒரு வாளி ஊற்றிவிடுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் பிற்பாடு வற்றும்போது உள்ளே துளை துளையாக விட்டுவிட்டுப் போகும். பலம் போய்விடும்." பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அப்பா கொத்தனார், விடுமுறைக்கு விடுமுறை இவரும் கலவை சுமக்கப் போவாராம். சுய அறிமுகத்தில் அந்த அப்பா "தொழில்முனைவோர்" ஆகியிருந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்களாம்.

மனப்பாடம் செய்து கொண்டுவந்த எதற்கும் நான் மதிப்பெண் போடவில்லை. ஒரு வாளித் தண்ணீரால் என்ன லாபம், யாருக்கு, என்ன நட்டம், அது எப்போது தெரியவரும் என்று காரண காரியத்தோடு பிரித்துச் சொன்னாரே, அதற்குத்தான் போட்டேன். மென்பொருளில் பிழை தேடுகிற வேலையும் அதுவேதான். அதை மறைக்கச் சொல்லி யார் பயிற்சி கொடுத்தது?

எங்கள் கையில் இருக்கும் மதிப்பெண் தாளைப் பற்றி உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது. அதில் சில கட்டங்கள் உண்டு: பாட அடிப்படை, சிக்கலை அணுகும் விதம், தான் செய்த வேலையை விளக்கும் திறன், எதிராளியைக் கேட்டுப் புரிந்துகொள்வது. டைக்குக் கட்டம் இல்லை. (பட்டப்பகல் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, துவைத்த சட்டை போதும்.) இப்படிக் கட்டம் போட்டுக் கேட்கும் முறைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்று அது காட்டியது. எல்லா நிறுவனமும் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். முகராசி பார்த்து ஆள் எடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை மனதில் வைத்துப் பயிற்சி கொடுப்பதில் பயன் இல்லை.

இனி பிராஜெக்ட். உங்களோடு சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

மினி பிராஜெக்ட் ஆனாலும் இறுதியாண்டு பிராஜெக்ட் ஆனாலும், அதைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. பிராஜெக்ட் சென்டர் விளம்பரங்கள் உங்கள் கல்லூரி வாசல் சுவரிலேயே ஒட்டியிருக்கின்றன. தலைப்பு, நிரல், அறிக்கை, அட்டை போட்ட புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு விலை. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு செய்யும் செயலி என்று ஒரு மாணவர் விளக்குவார். எத்தனை படங்களை வைத்துப் பழக்கினீர்கள், வெளிச்சம் குறைந்தால் என்ன ஆயிற்று, இரட்டையர் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். "அந்தப் பகுதியை என் குழுவில் இன்னொருவர் செய்தார் சார்." அந்த இன்னொருவர் அடுத்து வருவார், அவரும் இதையேதான் சொல்வார்.

மாறாக, ஒரு மாணவி செய்தது மிக எளிய வேலை. மண் ஈரத்தை அளந்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும், ஆர்டுயினோ என்ற நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை. ஊர் ஊருக்கு ஆயிரம் பேர் செய்த பிராஜெக்ட். என்ன பிரச்சினை வந்தது என்று கேட்டேன். மண்ணில் செருகிய உணரியின் இரண்டு கம்பிகளும் சில வாரங்களில் அரித்துப்போய்த் தப்பும் தவறுமாக அளவு காட்டின என்றார். ஈரமண்ணில் எந்நேரமும் மின்சாரம் ஓடினால் கம்பி மின்பகுப்பில் கரையும். அதைக் கண்டுபிடித்து, அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்துப் பிறகு நிறுத்துமாறு நிரலை மாற்றியிருக்கிறார். சொல்லும்போது மேசையில் கிடந்த காகிதத்தை இழுத்து வரைந்தே காட்டினார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

எனவே என் வேண்டுகோள் எளிது. பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஆய்வகத்துக்குத் திருப்பிவிடுங்கள். நாங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒவ்வொரு குழுவையும் வேறு துறை ஆசிரியர் ஒருவர் முன் நிறுத்தி "என்ன கெட்டுப்போயிற்று, எப்படிச் சரிசெய்தாய்" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தானே செய்தவருக்கு அரை மணி நேரம் பேசப் பொருள் இருக்கும். வாங்கியவர் மாட்டிக்கொள்வார், எங்களிடம் மாட்டுவதைவிட உங்களிடம் மாட்டுவது அவருக்கு நல்லது. திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது.

பாட அடிப்படைக்கும் புது வழி எதுவும் தேவையில்லை. மின்னியல் மாணவரிடம் மின்மாற்றியின் திறனை ஏன் கிலோவாட்டில் சொல்லாமல் கேவிஏ-வில் (கிலோவோல்ட்-ஆம்பியர், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய அளவு) சொல்கிறோம் என்று கேட்போம். இழப்புகள் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பொறுத்தவை, திறன் காரணியைப் பொறுத்தவை அல்ல என்று இரண்டு வரியில் முடிகிற விஷயம். கணினி மாணவரிடம் ஒரு அட்டவணையிலிருந்து இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுக்கச் சொல்வோம். இரண்டு பேருக்கு ஒரே சம்பளம் இருந்தால் என்ன செய்வது என்று அவர் எங்களைத் திருப்பிக் கேட்டால், அப்போதே பாதி தேறிவிட்டார். தெரியாத கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்லவும் பழக்குங்கள். சொல்லிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து யோசித்துப் பார்க்கிறேன் என்று தொடங்கினால் நாங்களே கைகொடுப்போம். தெரியாததை ஐந்து நிமிடம் சுற்றி வளைப்பவரைக் காப்பாற்ற எங்களாலும் முடியாது.

ஆங்கிலத்தைப் பற்றிப் பொய் சொல்ல விரும்பவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஆங்கிலம் வேண்டும். ஆனால் நேர்காணல் என்றாலே ஆங்கிலத் தேர்வு என்று பிள்ளைகள் நடுங்கும் அளவுக்கு அதை ஊதிவிட்டோம். இந்திய ஆட்சிப் பணிக்கான 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வை, அதாவது நேர்காணலையே, தமிழில் எதிர்கொள்ள யுபிஎஸ்சி இடம் தருகிறது. சிந்தனைக்கு மொழி தடையாகக் கூடாது என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிராஜெக்டை முதலில் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், விடுதியில் பக்கத்து அறை நண்பனுக்குப் புரிகிற மாதிரி. அது தெளிவான பிறகு ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில். தலைகீழாகச் செய்தால் ஆங்கிலமும் வராது, விஷயமும் வராது.

காணொளி நேர்காணல் பற்றி ஒரு வார்த்தை. கேள்வி கேட்டதும் கண்கள் இடமிருந்து வலமாக ஓடத் தொடங்குவது எங்களுக்குத் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியில் இன்னொரு திரையின் வெளிச்சமும் தெரிகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருவதை வாசிப்பவர் கேள்வியின் எண்ணை லேசாக மாற்றினாலே தடுமாறுகிறார். வீட்டில் அதை வைத்துப் பயிற்சி எடுக்கட்டும், தாராளமாக. அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு நிர்வாகம் எண்ணிக்கை கேட்கிறது. மூன்று நிறுவனத்தில் தேர்வான ஒரே மாணவரை மூன்று பேராக எண்ணிக் கல்லூரிப் பேருந்தின் முதுகில் ஒட்டுவது நீங்கள் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. ஆனால் உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகையில் படிப்பவர்கள், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பல பயிற்சிகளை இலவசமாகவே கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதையும் சான்றிதழுக்காக மட்டும் ஓட்டிவிடாதீர்கள். சென்னையில் வளர்ந்த மாணவருக்கு நேர்காணல் எப்படி நடக்கும் என்று சொல்ல ஒரு மாமாவோ அக்காவோ இருப்பார்கள். இவர்களுக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லை. கேட்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்ல வேண்டியவற்றில் கடைசி நேரக் காகிதங்களும் அடங்கும். "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்று நாங்கள் முடிக்கும்போது, ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். கேட்கட்டும்: எந்த ஊரில் வேலை, பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, எப்போது சேர வேண்டும், அந்தத் தேதி தள்ளிப்போனால் யார் தெரிவிப்பார்கள். 2022-இல் படிப்பை முடித்தவர்களில் பலர் பணி ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால், அதைக் கையெழுத்துக்கு முந்தைய நாளே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோரும் பார்க்கட்டும், புரியாத வரிகளை உங்கள் சட்ட ஆலோசகர் விளக்கட்டும். எந்த நிறுவனமாவது அசல் சான்றிதழையோ முன்பணத்தையோ கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். எங்கள் நிறுவனமே கேட்டாலும்.

இப்படிக்கு,
மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருபவன்