செயலாளர் ஆண்டறிக்கை 2025: 314 அட்டைகளும் சில பாக்கிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்கத்து அன்பர்களே, வணக்கம்.

ஸ்பெயினின் ஜிரோனா நகர மகளிர் கூடைப்பந்து ரசிகர்களாகிய நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்குழு, முதல் அழைப்பு நேரமான மாலை 7 மணிக்குப் போதிய ஆள் இல்லாததால், விதிப்படி அரை மணி கழித்து இரண்டாம் அழைப்பில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படியே.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஜூன் 29 அன்று கிரீஸின் பிரேயஸில் நடந்த மகளிர் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தைப் பெரிய திரையில் சேர்ந்து பார்த்தோம். பெல்ஜியம் 67, ஸ்பெயின் 65. அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை. வலென்சியாவுக்குத் திட்டமிட்ட பேருந்துப் பயணம் பெயர் கொடுத்தவர்கள் போதாததால் கைவிடப்பட்டது. அக்டோபர் இறுதியில் புனித நார்சிஸ் திருவிழாவில் வழக்கம்போல் மேசை போட்டோம். புனிதரின் கல்லறையிலிருந்து கிளம்பிய ஈக்கள் பிரெஞ்சுப் படையையே விரட்டின என்று கதை சொல்லும் ஊர் இது. நம் மேசைப் பக்கம் ஓர் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அன்று மேசையில் உட்கார வேண்டிய நால்வரில் வந்தது நான் மட்டும் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி, மே மாதக் கண்காட்சி. வெளியில் பலவிதமாகப் பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாயா பலாவ் ஸ்பெயின் தேசிய அணிக்காக ஆடியவை 314 ஆட்டங்கள். இந்த நாட்டில் ஆணிலும் சரி பெண்ணிலும் சரி, வேறு எந்தக் கூடைப்பந்து ஆட்டக்காரரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. அவருக்கு முன்னால் பெண்களில் முதலிடத்தில் இருந்த அமாயா வால்தெமோரோவுக்கே 258தான். எண்ணைச் சொன்னால் கேட்பவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள், அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். அதனால், ஆட்டத்துக்கு ஓர் அட்டை வீதம் 314 அட்டைகளைச் சுவர் நெடுகத் தொங்கவிட்டு, ஜனங்களை நடக்க வைத்துக் காட்டலாம் என்பது என் யோசனை. ஜனவரி செயற்குழு ஒருமனதாக ஏற்றது. ஒருமனதாகக் கை தூக்கியவர்களில் பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் ஒரே ஒருவர். அவருக்கு என் நன்றி தனியாக உண்டு.

ஒரு மூத்த உறுப்பினர் மட்டும் பிறகு கடிதம் எழுதினார். பலாவ் பார்சிலோனாக்காரர், நம் ஊரிலேயே பிறந்த மார்த்தா ஷர்கை இருக்கும்போது இது ஏன் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் ரியோ ஒலிம்பிக் வெள்ளியும் 2013, 2017, 2019 ஐரோப்பியக் கோப்பைத் தங்கங்களும் ஷர்கையின் கழுத்திலும் ஏறியவைதானே? பலாவின் அட்டைகளைத் தொங்கவிட்டால் ஷர்கையும் பாதிச் சுவரில் வந்துவிடுகிறார். தவிர, 2018இல் நம் ஊருக்கு ஆட வந்து, அடுத்த ஆண்டே 39 வயதில் ஸ்பெயின் லீக் பட்டத்தை ஃபொன்தாஜாவ் அரங்கத்துக்குக் கொண்டுவந்த அணியில் பந்தை நடத்தியவர் பலாவ். அன்று அந்த உறுப்பினரும் என் பக்கத்து நாற்காலியில் தொண்டை கிழியக் கத்தினார். பதில் எழுதினேன். அவர் அதன்பின் கூட்டங்களுக்கு வரவில்லை.

வேலை என் வீட்டுச் சமையலறை மேசையில் நடந்தது. தபால் அட்டை அளவு, நான்கு வரி: நாள், ஊர், எதிரணி, ஸ்கோர். பதக்க ஆட்டங்களுக்கு மட்டும் விளிம்பில் பளபளக்கும் தாள். பெரிய போட்டிகள் சுலபமாக முடிந்தன. உயிரை வாங்கியவை கோடைகால நட்பு ஆட்டங்கள். 2000களின் தொடக்கத்தில் அந்த ஆட்டங்களுக்குச் செய்தித்தாளில் கிடைத்த இடம் ஒரு வரி. அதுவும் ஆண்கள் இரண்டாம் பிரிவு அட்டவணைக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்தில். நூலகத்தில் பழைய கட்டுகளைப் புரட்டிப் புரட்டி என் விரல் நுனியெல்லாம் மை. நூலக ஊழியர் கடைசி வாரத்தில் எனக்கென்று ஒரு விளக்கை நகர்த்திவைத்தார். நம் உறுப்பினர்களில் ‘சனிக்கிழமை வந்துவிடுகிறேன்’ என்று சொன்னவர்கள் ஏழு பேர். எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் பதக்க வரிசை 2003, கிரீஸ், வெண்கலம். கடைசி வரிசை 2019, பெல்கிரேட், பிரான்சை 86–66 என்று வீழ்த்திய தங்கம். ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை எல்லாம் சேர்த்துப் பதக்கங்கள் பன்னிரண்டு. 2011 போலந்து ஆட்டங்களைச் சாம்பல் நிற அட்டையில் எழுதினேன். அந்த ஆண்டு காலிறுதிக்கே போகாமல் திரும்பினார்கள், அதனால் லண்டன் ஒலிம்பிக்கும் கை நழுவியது. ‘நல்லதை மட்டும் வைக்கக்கூடாதா?’ என்று பொருளாளர் கேட்டார். சாம்பல் வரிசை இல்லாவிட்டால் அடுத்து வரும் 2013, பிரான்ஸ் மண்ணிலேயே பிரான்சை 70–69 என்று ஒற்றைப் புள்ளியில் ஜெயித்த இறுதியாட்டம், வெறும் இன்னொரு அட்டையாகிவிடும் என்றேன். சாம்பல் வரிசை இருந்தது.

திறப்பு நாளன்று காலை, யாரோ கூடத்தின் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். பெயர் எனக்குத் தெரியும், இங்கே தேவையில்லை. திராமுந்தானா என்னும் வடகாற்று உள்ளே புகுந்து, கயிற்றில் மாட்டியிருந்ததில் பாதியை உதிர்த்துவிட்டது. 2007 இத்தாலி போய் 2017 பிராகில் கலந்தது. தலைவர் உரையாற்றிக்கொண்டிருக்கும்போது நான் அவர் காலடியில் குனிந்து அட்டை பொறுக்கிக்கொண்டிருந்ததை ‘செயலாளருக்குச் சபை மரியாதை தெரியவில்லை’ என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கான விளக்கம் இதுவே.

பார்க்க வந்தவர்களில் பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தோளில் பந்துப் பையோடு, ரியோ வரிசையில் நின்றுவிட்டாள். 2016 ஆகஸ்ட் 20, அமெரிக்கா 101, ஸ்பெயின் 72.

“இது தோத்த ஆட்டமாச்சே, எதுக்கு மினுங்குது?”

வெள்ளிப் பதக்கத்தை விளக்கினேன். காலிறுதியில் துருக்கியோடு 62–62 என்று இழுபறியாக நின்றபோது கடைசி நொடியில் ஆன்னா க்ரூஸ் போட்ட கூடையைச் சொன்னேன். அரையிறுதியில் செர்பியாவை 68–54 ஜெயித்ததையும் சொன்னேன்.

“அப்ப லாயா எத்தனை பாயிண்ட் போட்டாங்க?”

அவர் பாயிண்ட் கார்டு, பந்தியில் உட்காருகிறவர் அல்ல, பரிமாறுகிறவர் என்றேன். அவள் ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை நடந்துதான் போனாள். கடைசி அட்டை 2021 ஆகஸ்ட் 4, சைதாமா, டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி, பிரான்ஸ் 67, ஸ்பெயின் 64. அதன் கீழே ‘வயது 41’ என்று பென்சிலால் எழுதியிருந்தேன். அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள், அழிந்துவிட்டது. மறுபடி எழுதினேன்.

கிளப் வாழ்க்கைக்கு இரண்டாவது சுவர் கேட்டிருந்தோம், கிடைக்கவில்லை. அதனால் பார்சிலோனா, பிரான்சின் பூர்ஜ், வலென்சியா, போலந்தின் போல்கோவிட்சே, பிராக், பிறகு நம் ஊர் என்று ஒரே பலகையில் முடித்தோம். 2015இல் பிராக் அணி சொந்த ஊரில் ரஷ்யாவின் எகாத்தரின்பர்க் அணியை 72–68 வென்று ஐரோப்பிய லீக் பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்க நினைத்திருந்தோம். நிதி இடம் கொடுக்கவில்லை.

நிதி என்றதும் வரவு செலவு. விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம், கையிருப்பு பயப்படும்படி இல்லை. அட்டை, லாமினேஷன், கயிறு, கிளிப் ஆகியவை ‘பலவகைச் செலவு’ என்ற தலைப்பில் உள்ளன. இரண்டொரு ரசீதுகள் என் பெயரிலேயே நிற்கின்றன; அவசரமில்லை.

ஆண்டுச் சந்தா 24 யூரோ, அதாவது மாதம் இரண்டு. ஒரு காபிக்கும் ஷூஷு என்ற நம் ஊர் இனிப்பு ஒன்றுக்கும் அதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு, சர்க்கரையைச் சட்டையில் சிந்தியபடி ‘சங்கம் ஒன்றும் செய்வதில்லை’ என்று பேசும் உறுப்பினர்கள் நமக்கு உண்டு. இரண்டாண்டு பாக்கி வைத்திருக்கும் சிலர் கண்காட்சிப் படங்களைத் தாங்களே நடத்தியதுபோல் நாலு பேருக்கு அனுப்பியிருந்ததையும் பார்த்தேன். பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன். 2012 வசந்தத்தில் இஸ்தான்புல்லில் ரிவாஸ் அணியை 65–52 என்று வென்று ஐரோப்பிய லீக் கோப்பையைத் தூக்கியது வலென்சியாவின் ரோஸ் காசாரெஸ் அணி. பலாவ் அதில் இருந்தார். அதே ஆண்டுக் கோடைக்குள் புரவலர் விலக, அந்தத் தொழில்முறை அணியே கலைந்தது. கோப்பை வாங்கிய கையோடு அவர் போலந்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. ஐரோப்பாவையே ஜெயித்த அணிக்கு அந்தக் கதி. நம் சங்கத்தின் மொத்தச் சொத்து ஒரு மடக்கு மேசை, ஒரு பதாகை, ஓடாத ஒலிபெருக்கி.

நன்றி: கூடம் தந்த நகராட்சிக்கும், பதாகையைத் தள்ளுபடி விலையில் அடித்துத் தந்த அச்சகத்துக்கும், வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைக் கட்டிக்காத்த பொருளாளருக்கும், கத்தரிக்கோல் எடுத்த அந்த ஒருவருக்கும், மூன்று மாதம் சமையலறை மேசை இல்லாமல் சமாளித்த என் வீட்டாருக்கும்.

2026 செப்டம்பரில் பெர்லினில் மகளிர் உலகக் கோப்பை. திரை வாடகைக்கு ஜூனிலேயே முன்பணம் கட்ட வேண்டும். இப்போதைய கையிருப்பில் திரையை எடுக்கலாம், நாற்காலி எடுக்க முடியாது. என் பதவிக்காலம் மார்ச்சில் முடிகிறது. முதுகுவலி காரணமாகத் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு யாரும் முன்வரவில்லை என்றால் பொதுக்குழு என்ன சொல்கிறதோ பார்ப்போம். ஆனால் நூலகத்துக்கு இன்னொரு முறை தனியாகப் போவதாக இல்லை. பொருளாளர் இன்று வாசலருகே உட்கார்ந்திருக்கிறார், சந்தாவுக்கு வங்கிக் கார்டும் வாங்குவார்.

314 அட்டைகளும் வரிசைப்படி நான்கு காலணிப் பெட்டிகளில் என் வீட்டில் இருக்கின்றன. அடுத்த செயலாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்