கேரவன் வண்டியில் வீட்டுச் சாதனங்களை இயக்குவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கரூரில் உள்ள எங்கள் பட்டறையில் கட்டி, காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வதற்காகத் தங்களிடம் ஒப்படைத்துள்ள கேரவன் வண்டிகளைப் பற்றியது இம்மடல். வண்டியை எடுக்க வருபவர்களில் பெரும்பாலோர், "ஏனுங்க, ஊட்டுல ஓடற சாமானெல்லாம் இதுல ஓடுமுங்களா?" என்று கேட்கிறார்கள். ஓடும் என்று மட்டும் சொல்லி அனுப்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எது, எங்கே, எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் சொல்வது எங்கள் கடமை.

வண்டியிலுள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏறத்தாழ 1800 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) மின்சாரம் தேங்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கையிலிருப்பது 900 என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, சிறிய மின்விசிறி, செல்போன் சார்ஜர் ஆகியவற்றுக்கு ஓர் இரவுக்கு இது தாராளம். ஆனால் 700 வாட் ரைஸ் குக்கரை அரை மணி நேரம் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் 1500 வாட் கெட்டிலையும் எங்கள் 1000 வாட் இன்வெர்ட்டர் தாங்காது. மிக்சியில் 750 வாட் என்றுதானே எழுதியிருக்கிறது என்று எண்ண வேண்டாம். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப் போலச் சில மடங்கு மின்சாரம் இழுப்பதால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். பேட்டரியை மட்டும் நம்பித் தங்கும் நாளில் அரைக்கும் வேலையே இல்லாத அரிசியும்பருப்பும் சோற்றைக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டார் கண்ட வழி.

தங்குமிடத்தில் வெளி மின்சாரம் எடுக்கும்போது முதலில் அங்குள்ள சாக்கெட்டைப் பாருங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான். 16 ஆம்பியர் என்றால் 3680 வாட் வரை. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது இண்டக்‌ஷன் அடுப்பையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் இந்த இரண்டாவது அளவும் தாண்டிவிடும்; ஒன்றை அணைத்த பிறகே இன்னொன்றைப் போடவும். அண்மையில் ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் ரீலில் உள்சுற்று வயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, பிரிக்க வராமல் கட்டியாகக் கிடந்தன. ஐந்து மீட்டர் மட்டும் இழுத்துவிட்டு, மிச்சத்தை ரீலிலேயே சுற்றியபடி வைத்து இரவெல்லாம் ஏசி ஓட்டியிருக்கிறார்கள். சுற்றிக் கிடக்கும் வயரின் சூடு வெளியேற வழியில்லை. ஆகவே எவ்வளவு பக்கத்தில் சாக்கெட் இருந்தாலும் ரீல் முழுவதையும் பிரித்துப் போடுங்கள்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் வயர் இணைப்பு. வண்டி ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. உள்ளே ஏதோ ஒரு வயர் உரசி பேஸ் மின்சாரம் தகட்டில் ஏறினால், அது தரைக்கு இறங்க வழியின்றி வண்டி உடம்பிலேயே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடும் குழந்தையின் உடல்தான் அதற்கு வழியாகிவிடும். எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ட்ரிப் ஆகிவிடும், எர்த் இல்லையென்றால் ஒருவர் உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பிறகுதான் ட்ரிப் ஆகும். எனவே பிளக்கில் எர்த்துக்கென உள்ள பெரிய மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். நாங்கள் கொடுத்துள்ள மூன்று விளக்கு டெஸ்டரைச் சொருகிப் பார்த்து, எர்த் இல்லை என்று காட்டினால் அன்று பேட்டரியிலேயே இருந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மின்சாரம் எடுத்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வயரை வண்டிப் பக்கம் முதலில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் பிறகு சொருகவும். கழற்றும்போது சுவர்ப் பக்கம் முதலில்.

உறவினர் தோட்டத்தில் நிறுத்தும்போது மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுப்பது நம் பக்கத்தில் எளிதாக நடந்துவிடுகிறது. அங்குள்ளது மும்முனை மின்சாரம். தவறுதலாக இரண்டு பேஸ்களுக்கு நடுவே வயர் மாட்டினால் 230க்குப் பதில் 400 வோல்ட் பாய்ந்து வண்டியிலுள்ள சாதனங்கள் கருகிவிடும். விவசாய இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பது விதிமீறலும் ஆகும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். தரையை ஒட்டி நாங்கள் விட்டிருக்கும் காற்றுத் துளைகள் அதற்காகத்தான். குளிர் வருகிறது என்று அவற்றைத் துணி வைத்து அடைக்க வேண்டாம். வண்டி ஓடும்போது சிலிண்டர் ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி ஏறிய வண்டியில், அடுப்பைப் பற்றவைக்கும் முன் டியூப் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மலைக்குளிருக்குக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே எரியவிட்டு உறங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உறங்குபவர் விழித்துக்கொள்ள அது வாய்ப்பே தராது. கம்பளி கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

பொங்கல் விடுமுறைப் பயணத்துக்கு முன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் எர்த் இணைப்பு, கேஸ் டியூப், ஆர்.சி.சி.பி. மூன்றையும் கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறோம். ரீல் வயரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பட்டறையினர், கரூர்