செயலாளரின் ஆண்டறிக்கை: வலிக் குறிப்பேடு தொடங்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், அவர்களை அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு முறைப்படி கூடியது. உலகச் சிறுநீரக நாள் கூட்டமும் பொங்கல் விழாவும் குறைவின்றி நடந்தேறின.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறுப்பினர்கள் தங்கள் வலியை எழுதிவைக்க இவ்வாண்டு நாம் அச்சிட்டுத் தந்த வலிக் குறிப்பேடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அது வீண் வேலை என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. வாரத்தில் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பவர் "உடம்பெல்லாம் வலிக்கிறது" என்றால், "டயாலிசிஸ் என்றால் அப்படித்தான்" என்பதே பதிலாக இருந்தது. என் துணைவியாரும் இரண்டு ஆண்டுகள் அதையே கேட்டார். பிறகுதான் ஒரு மருத்துவர் அதை ஃபைப்ரோமயால்ஜியா என்றார். மூன்று மாதங்களுக்கு மேல் உடலின் பல பகுதிகளில் நீடிக்கும் வலியும், தூங்கி எழுந்தும் தீராத அசதியும், மறதியும் அதன் அடையாளங்கள். ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ அதைக் காட்டாது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால்தான் தெரியும்.

எல்லா வலியையும் அதன் கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. சிறுநீரக நோயில் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகுதியாகச் சுரப்பதால் எலும்பு வலிக்கலாம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த நம் தருமபுரி மாவட்டத்தாருக்கு மூட்டு இறுக்கம் அதனாலும் இருக்கலாம். எங்கே, எப்போது, எவ்வளவு வலி என்று எழுதிக் காட்டினால் மருத்துவர் பிரித்தறிய உதவும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கெடுத்துவிடக்கூடும் என்பதை ஏட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுள்ளோம்.

பாலக்கோட்டுப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், ஏட்டிலிருந்த உடல் படத்தில் இடது முன்கை தவிர முழுவதையும் வலிக்கும் இடமாகப் பென்சிலால் தீட்டியிருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த பிஸ்டுலா உள்ள கை அது. "ஊசி குத்தற கைதானேம்மா, வலிக்கலையா?" என்று கேட்டேன். "அது என்னை உயிரோட வச்சிருக்கற கைங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன்" என்றார். அடுத்த பக்கத்தில், மூன்று வாரமாக யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். பசியின்மையும் உறக்கமின்மையும் சிறுநீரக நோய்க்கும் மனச்சோர்வுக்கும் பொதுவானவை என்பதால், வீட்டார் மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வலி மனத்தை வாட்டுகிறது; வாடிய மனம் வலியைக் கூட்டுகிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416 கட்டணமற்றது, தயங்காமல் அழைக்கலாம்.

ஏடு பெற்றவர்களில் பாதிப் பேர் திருப்பித் தரவில்லை. மனநல ஆலோசகர் அரூரிலிருந்து வந்த நாளில், வருவதாக வாக்களித்தவர்கள் வராததால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நோயுற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. நலமாக இருக்கும் ஆயுள் உறுப்பினர்களைத்தான் கேட்கிறேன். சந்தா நிலுவையும் பெரும்பாலும் அவர்களுடையதே.

வரவு செலவு பொருளாளரால் சரிபார்க்கப்பட்டுள்ளது. ஏடு அச்சிட்ட செலவால் கையிருப்பு குறைந்துள்ளது. செவிலியர்களுக்கும் டயாலிசிஸ் டெக்னீசியன்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இப்பொறுப்பைத் தந்தால் ஏற்பேன். ஆனால் டயாலிசிஸ் முடிந்து களைத்து வருபவர் அருகில் அரை மணி நேரம் அமர்ந்து, அவர் சொல்வதை ஏட்டில் எழுத இரண்டு பேர் வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

இங்ஙனம்,
செயலாளர்