"டாக்டர், நம்ம ஆளு, கொஞ்சம் பார்த்து எழுதுங்க"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு மாதங்களுக்கு முன் சிங்கப்பூர் தேக்கா நிலையத்தில் தே தாரேக் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். தெரிந்த அண்ணன் ஒருவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "டாக்டர், மச்சானோட முழங்கால் ஆபரேஷன் கேஸுக்கு நீங்கதான் ரிப்போர்ட் எழுதணும், வக்கீல்கிட்ட சொல்லிட்டேன், நம்ம ஆளு, கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்றார். ஃபீஸ் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லையாம். முடியாது என்றேன். முகம் சுண்டிவிட்டது அவருக்கு. அந்தக் கூட்டத்துச் சத்தத்தில் விளக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர். நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாகச் சில முறை நின்றிருக்கிறேன். காசு கொடுத்தவர் பக்கம்தான் டாக்டர் பேசுவார் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். வக்கீல் அப்படிப் பேசலாம், அது அவர் வேலை. ஆனால் 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகளின்படி, யார் ஃபீஸ் கட்டினாலும் நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்கு உதவுவதுதான். அதை உணர்ந்தே எழுதுகிறேன் என்று அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். முடிந்தவரை இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணரை வைத்துக்கொள்ளுங்கள் என்றுகூட விதி இருக்கிறது. இதில் மச்சானுக்கு வேண்டியவன் எழுதிய அறிக்கை என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

என் முதல் வழக்கில் நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. "நானாக இருந்தால் இந்த அறுவை சிகிச்சையைச் செய்திருக்க மாட்டேன்" என்று அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தேன். வக்கீல் அந்த ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் மை பூசி வைத்திருந்தார். "டாக்டர், நீங்கள் செய்திருப்பீர்களா என்று யாரும் கேட்கவில்லையே" என்றார், குரலை உயர்த்தாமல். நியாயம்தான். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாராராவது அந்தச் சிகிச்சையைச் சரியென்று ஏற்பார்களா, அப்படி ஏற்பதில் தர்க்கம் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. 1957இல் இங்கிலாந்தில் போலாம் வழக்கில் தொடங்கி 1997இல் போலித்தோ வழக்கில் இறுகிய அளவுகோல் இது. நோயாளியிடம் என்னென்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது வேறு கணக்கு, அதற்கு 2022 ஜூலையிலிருந்து தனிச் சட்டப்பிரிவே இருக்கிறது.

அப்புறம், "உறுதியாகச் சொல்வீர்களா?" என்ற கேள்வி. எங்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது தேறாவிட்டால் வாய் வராது. சிவில் வழக்கிலோ 51க்கு 49 என்றாலே போதும். இது பிடிபட எனக்கு மூன்று வழக்குகள் ஆயின.

அண்ணனிடம் சொல்ல நினைத்தது இதுதான். நான் கத்தியைத் தொட்டு நாலு வருடம் ஆகிறது, "கடைசியாக எப்போது செய்தீர்கள்?" என்று கேட்டாலே நான் அவுட். உங்களுக்கு அறிமுகமில்லாத, அதே ஆபரேஷனை இன்றும் செய்கிற ஒருவரிடம் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ஆபரேஷன் குறிப்பு, தாதியர் எழுதியது எல்லாவற்றையும், உங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்துக் கொடுங்கள். உடல் காயம் தொடர்பான வழக்குகளுக்குப் பொதுவாக மூன்றாண்டுதான் காலவரம்பு, தள்ளிப்போடாதீர்கள். "இதில் யார் தவறும் இல்லை, எல்லாரும் அறிந்த பக்கவிளைவு" என்று அவர் எழுதிவிட்டால் கோபம் வரும், தெரியும். ஆனால் தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவையும் கட்ட வேண்டியிருக்கும் இந்த ஊரில், வழக்குப் போடுமுன்பே வந்து சேரும் அந்தக் கசப்பான அறிக்கைக்குக் கொடுத்த காசுதான் ரொம்ப மலிவு.

இப்போது என்னைத் தேக்காவில் பார்த்தால் அண்ணன் தூரத்திலேயே தலையாட்டிவிட்டு மீன் கடைப் பக்கம் நழுவிவிடுகிறார். மச்சான் வேறொரு மருத்துவரிடம் கோப்பைக் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்,
தெம்பனிஸ்