ஸ்பீக்கர்னா வாட்ஸும் பேஸும் மட்டும் தானா?

ஆசிரியருக்கு வணக்கம்,

வீட்ல பாட்டு கேக்க ஸ்பீக்கர் வாங்குறது பத்தி நம்ம பேப்பர்ல வந்ததைப் படிச்சேன். நல்ல விஷயம்தான், ஆனா முழுக்க எத்தனை வாட்ஸ், பேஸ் எப்படி அதிருதுன்னே போயிடுச்சு. ரெக்கார்டிங்ல என்ன இருக்கோ அதை அப்படியே கேக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஸ்டுடியோ மானிட்டர்னு ஒரு வகை ஸ்பீக்கர் இருக்கு, அதைப் பத்தி ஒரு வரி கூட வரலையேன்னு தான் எழுதுறேன்.

இதுல பவர்டு மானிட்டர்னு சொல்றதுல ஆம்ப் (சிக்னலைப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளயே இருக்கும், தனியா வாங்க வேண்டாம். பெரும்பாலும் பேஸ் தர்ற பெரிய வூஃபருக்கு ஒண்ணு, கீச்சு சத்தம் தர்ற சின்ன ட்வீட்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஆம்ப், சிக்னலை அந்த ரெண்டுக்கும் பிரிக்கிற க்ராஸ்ஓவர் வேலையும் ஆம்ப்புக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதனால எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி செஞ்சவங்களே ட்யூன் பண்ணி அனுப்பிடுறாங்க.

நான் பண்ண தப்பைச் சொல்றேன். 3 மீட்டர் நீள ரூமுக்கு 8 இன்ச் வூஃபர் இருக்கிற மானிட்டர் வாங்கினேன், சேரையும் பின் சுவரோட ஒட்டிப் போட்டேன், பேஸ் கிட்டார்ல ஒரு நோட் காதை அடைக்குது அடுத்த நோட் காணவே காணோம், ஸ்பீக்கர் தான் மோசம்னு மாசக்கணக்கா நொந்துக்கிட்டேன். அப்புறம் தான் புரிஞ்சுது, 3 மீட்டர் தூரத்துல எதிரெதிரா சுவர் இருந்தா கிட்டத்தட்ட 57 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு ஊதிப் பெருசாகும், அதுவும் சுவர் ஓரத்துல தான் ரொம்ப அதிகம். சரியா நடு ரூம்ல உக்காந்தா அதே சத்தம் மறைஞ்சு போகும். சேரை ஒரு மீட்டர் முன்னாடி இழுத்ததுல பாதி பிரச்சனை தீர்ந்துச்சு, ஒரு பைசா செலவில்ல! சின்ன ரூமுக்கு 5 இன்ச்சே போதும்ங்கிறது என் கருத்து. ஸ்பீக்கரைச் சுவர்கிட்ட தான் வைக்க முடியும்னா பின்னாடி பேஸைக் குறைக்கிற ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, நிறைய மாடல்ல இருக்கு. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ அதே தூரத்துல நீங்க உக்காரணும்.

ஸ்பெக்ல, எந்த பேஸ்ல இருந்து எந்த கீச்சு சத்தம் வரைக்கும் பாடும்னு சொல்ல "45 முதல் 20,000 ஹெர்ட்ஸ்"னு மட்டும் போட்டிருந்தா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதுக்குள்ள சத்தம் எவ்ளோ ஏறி இறங்குதுன்னு ப்ளஸ் ஆர் மைனஸ் எத்தனை டெசிபல்னு சேர்த்துப் போட்டா தான் அர்த்தம். 1980கள்ல கனடாவோட நேஷனல் ரிசர்ச் கவுன்சில்ல ஃப்ளாய்ட் டூல்ங்கிற ஒலி ஆராய்ச்சியாளர் எந்த ஸ்பீக்கர்னு தெரியாதபடி மறைச்சு வெச்சு ஆளுங்களைக் கேக்க வெச்சாரு, நேரா அளந்தா ஏத்த இறக்கம் இல்லாம, பக்கவாட்டுலயும் சீரா சத்தம் போற ஸ்பீக்கரைத் தான் பெரும்பாலும் எல்லாரும் விரும்பினாங்க.

கடையில ரெண்டை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ரெண்டுக்கும் வால்யூமைச் சமமா வைக்கச் சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா பாடுறது தான் நல்லா இருக்கிற மாதிரி காது நம்பிடும். பாட்டை நிறுத்திட்டு ட்வீட்டர்ல "ஸ்ஸ்"னு இரைச்சல் எவ்ளோன்னும் கேளுங்க, பக்கத்துல உக்காந்து கேக்குறவங்களுக்கு ராத்திரி நேரத்துல அது பெரிய தொல்லை.

அடுத்த தடவை ஸ்பீக்கர் பத்திப் போடும்போது வாட்ஸுக்குப் பக்கத்துல அந்த ப்ளஸ் மைனஸ் டெசிபலையும், எந்த அளவு ரூமுக்குன்னும் தயவுசெஞ்சு சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகன்