விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் விண்டோஸ் 10 கணினிதான் புழங்குகிறது. வரிக் கணக்குச் சமர்ப்பிப்பது, வங்கியில் பணம் அனுப்புவது, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் என எல்லாமே அந்த ஒரே கணினியில்தான் நடக்கின்றன. ஆனால் அந்த இயங்குதளத்துக்கு வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்பதைப் பலர் அறியவில்லை.

‘நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் தொட வேண்டும்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒரு புதுப்பிப்பு வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்து, எந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்ளும் திறமை திருடர்களுக்கும் உண்டு என்பதே அதற்குப் பதில். அன்று முதல், புதுப்பிக்காமல் விட்ட கணினிக்குத்தான் ஆபத்து அதிகம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை தாக்குதலை நினைவுபடுத்த விரும்புகிறேன். அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் 14ஆம் தேதியே வெளியாகியிருந்தும், இரண்டு மாதமாக அதை நிறுவாத கணினிகள் ஏராளமாக இருந்ததால், பிரிட்டனில் மருத்துவமனைகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

நம் மக்கள் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். முன்பணம் கட்டி வாங்கும் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அஞ்சி, இணைப்பை ‘மீட்டர்டு’ என்று அமைத்துவிடுகிறோம். அப்படி அமைத்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்குவதில்லை. பிறகு அந்த அமைப்பு அப்படியே மறந்துபோகிறது. 2023இல் ஏறக்குறைய நாள்தோறும் லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு, புதுப்பிக்கும்போது பாதியில் மின்சாரம் போனால் கணினியே கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும் என்றாலும், முக்கியமான கோப்புகளைத் தனியாக ஒரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத் தொடங்குவதே நல்லது. மடிக்கணினியானால் முழுச் சார்ஜுடன், மின் இணைப்பையும் கொடுத்துத் தொடங்கலாம்.

உடனே புதுக் கணினி வாங்கச் சொல்லும் கடைக்காரர்களின் அறிவுரையை நான் ஏற்கவில்லை. முதலில் விண்டோஸ் 11 இலவசமாக ஏறுமா என்று ‘செட்டிங்ஸ்’ பகுதியில் பார்க்க வேண்டும். 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அதற்கு வேண்டியவற்றுள் சில. சில கணினிகளில் அந்தச் சில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், ஆகையால் ‘ஏறாது’ என்ற செய்தியைக் கண்டதும் கைவிட்டுவிடக் கூடாது. உண்மையிலேயே ஏறாவிட்டால், விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 உள்ளவர்கள் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்புநகல் செய்பவர்களுக்கு இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அதன்பின் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம், அல்லது அந்தக் கணினியில் வங்கி வேலை செய்வதை விட்டுவிட வேண்டும்.

வைஃபை வசதியுள்ள நம் தமிழ்ப் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் ஒரு சனிக்கிழமை முழுவதும் கதவைத் திறந்து வைத்தால், கணினி தெரிந்த நம் இளைஞர்கள் தனியே வாழும் முதியவர்களின் மடிக்கணினிகளை அங்கேயே புதுப்பித்துக் கொடுப்பார்கள். அவ்வாறு நடத்த முன்வரும் சங்கங்களின் அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழில் கட்டணமின்றி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்